ஸ்ரீ நம்பர் காரும் உன் அம்மாவின் உள்ளங்கையும்

சுதா, நலமா என்று கேட்டு இதைத் தொடங்கப் போவதில்லை. இன்று காலைதான் போனில் பேசினோம். நீ நலமாகத்தான் இருக்கிறாய், பதுளை வெயில்தான் உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பேசும்போது உன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு "தலைக்குக் குளிச்சாளான்னு கேளுங்க, காலையில என்ன சாப்புட்டான்னு கேளுங்க" என்று என் தோளை இடித்துக்கொண்டே இருந்ததால், நான் சொல்ல நினைத்ததில் ஒன்றையும் சொல்ல முடியவில்லை. கல்யாணத்தன்று சொல்லலாம் என்றிருந்தேன். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். "எல்லாரும் இருந்து சாப்பிட்டுப் போங்க" என்றதோடு என் பேச்சு முடிந்துபோனது. அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு யாரிடம் வேண்டுமானாலும் கொடு. பெண்பிள்ளை பெற்றவர்கள் நாலு பேர் படித்தால் எனக்குச் சந்தோஷந்தான்.

வீட்டுக்குப் பின்னால் நீ கட்டிய பொலித்தீன் கொட்டகைக்குள் நாற்காலியைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். இங்கே மிளகாய் காய வைக்கலாம் என்று உன் அம்மாவுக்கு ஒரு யோசனை இருக்கிறது. காருக்கு வேலை நடந்த நாட்களில் "அப்பா, நீங்க நடந்தாலே தூசி கெளம்புது, வெளிய போங்க" என்று என்னை எத்தனை தடவை விரட்டியிருப்பாய். இப்போது யாரும் விரட்டவில்லை, காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்கு இந்தப் பெயிண்ட் கிறுக்கு எப்போது பிடித்தது என்று உன் மாமியார் என்னிடம் கேட்டார். எனக்கு நன்றாகத் தெரியும். நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு மயில் வாகனத்துக்குப் புதுசாக வர்ணம் பூசினார்கள். ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிடுகிறது. நீ மட்டும் மயிலுக்குக் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "என்னப்பா, கூட்டுற தும்புக்கட்டையால இழுத்த மாதிரி கோடு கோடா இருக்கு" என்றாய். பூசாரிக்குக் கேட்டுவிட்டது. நான் உன்னை இழுத்துக்கொண்டு வந்தேன், ஆனால் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு. நீ சொன்னது உண்மைதான், மயிலின் கழுத்தில் பிரஷ் போன தடம் வரி வரியாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் படி, நர்சிங் படி என்று நாங்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்தோம். நீ பண்டாரவளையில் நிஜாம் நானாவின் பட்டறையில் போய் நின்று, கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலையைக் கற்றுக்கொண்டாய். கோபியை உனக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் அந்தப் பட்டறைதான். தன் அம்மாவின் கடை வேனைப் பெயிண்ட் அடிக்கக் கொண்டுவந்த பையன், வேன் முடிந்த பிறகும் அதில் ஏதோ கீறல் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு திரும்பத் திரும்ப வந்தானாம். அவனே கீறியிருப்பான் என்று உன் அம்மா இன்றைக்கும் சொல்கிறாள்.

பெண் கேட்டு கோபியும் அவன் அம்மாவும் வந்த நாளை நான் மறக்க மாட்டேன். கோபியின் அம்மா புருஷன் போன பிறகு பதுளையில் புடவைக் கடையைத் தனியாக நடத்துகிறவர். ஆளைப் பார்த்ததுமே அளந்துவிடுகிற கண். உன் அம்மா சுட்ட வடையை நிதானமாகத் தின்று முடித்தார், தேத்தண்ணீரைக் குடித்தார், பிறகு "புள்ள என்ன வேல செய்யிது?" என்றார். நான் ஏதாவது பூசி மெழுகலாம் என்று வாயைத் திறப்பதற்குள் நீ, "காருக்கு பெயிண்ட் அடிக்கிறேன் அத்த" என்று சொல்லிவிட்டாய். கோபி தரையைப் பார்த்தான். அந்த அம்மா மட்டும் உன்னையே பார்த்தார்.

"நான் சுத்தி வளைச்சுப் பேச மாட்டேன்" என்றார். "எங்க ஊட்டுப் பின்னால அவரோட பழைய காரு ஒன்னு நிக்கிது, நம்பர் தகட்டுல ஸ்ரீ போட்ட அந்தக் காலத்து ஸ்ரீ நம்பர் காரு. பச்சக் கலரு. அவரு போனதுல இருந்து யாரையும் நான் தொட விடல. அத ஒன்கிட்ட அனுப்புறேன். பட்டறையில வச்சு செஞ்சா யாரு செஞ்சதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? ஒங்க ஊட்டுல வச்சு நீயே செய்யி. கல்யாணத்தன்னிக்கு அதுலதான் நீங்க ரெண்டு பேரும் ஊட்டுக்கு வரணும். நல்லா வந்துச்சுன்னா கல்யாணத்துக்குப் பெறகும் நீ ஒன் வேலையச் செய்யி, நான் குறுக்க நிக்க மாட்டேன். வரலன்னா பெயிண்ட மறந்துட்டுக் கடையில வந்து உக்காரு. சம்மதமா?"

நீ உடனே தலையாட்டினாய். அவர்கள் போனதும் "ஏன் பாப்பா அவசரப்பட்டு ஒத்துக்கிட்ட, கொஞ்சம் யோசிச்சிருக்கலாமே" என்றேன். "கடையில உக்கார எனக்கு ஏலாதுப்பா. அதனால நல்லாத்தான் வரணும்" என்று சொல்லிவிட்டு நீ பாத்திரம் கழுவப் போய்விட்டாய். உன் கணக்கு உனக்கு அவ்வளவு நேராக இருந்தது.

கார் வந்தது. கோபி கூடவே வந்து இறக்கிவிட்டு, திரும்பிப் போக மனசில்லாமல் போனான். நிஜாம் நானா கம்ப்ரசரையும் ஸ்பிரே கன்னையும் ஒரு ஓட்டோவில் போட்டு அனுப்பினார். அன்றிலிருந்து நான் உனக்கு எடுபிடி. பெயிண்ட் அடிப்பது என்றால் கன்னை எடுத்து விசிறுவதுதான் என்று அதுவரை நினைத்திருந்தேன். நீயோ கன்னைத் தொடவே இல்லை. துரு பிடித்த இடத்தைச் சுரண்டி, பள்ளத்தைப் பட்டி பூசி நிரப்பி, வோட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாய். முதலில் சொரசொரப்பான பேப்பர், பிறகு மெல்லியது, பிறகு அதைவிட மெல்லியது. "போதும் பாப்பா, வழுவழுன்னுதான் இருக்கு" என்று நான் சொன்னபோது, "கண்ண மூடிக்கிட்டுத் தடவிப் பாருங்கப்பா" என்றாய். மூடிக்கொண்டு தடவினேன். கண்ணுக்குத் தெரியாத மேடு ஒன்று விரலில் தட்டியது. "அடியில இருக்கிறது அப்பிடியே மேல தெரியும். பச்சைய அடிச்சதுக்கு அப்புறம் இன்னும் நல்லாத் தெரியும்" என்றாய். உனக்கு அறிவுரை சொல்ல உட்கார்ந்தவன் நான், ஆனால் யோசித்துப் பார்த்தால் என்னிடம் இருக்கிற நல்ல அறிவுரை எல்லாம் அந்தக் கொட்டகையில் நீ எனக்குச் சொன்னவைதான். அதையே உனக்குத் திருப்பித் தருகிறேன், வாங்கிக்கொள். புது வீட்டில் எதையாவது மனசுக்கு அடியில் வைத்துக்கொண்டு மேலே சிரித்துப் பூசாதே. முதலில் தேய்த்துவிடு.

முதல் தடவை பச்சை அடித்த நாளில் கெடுத்தது நான். தேயிலை பேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் ஆயுசில் பாதியைக் கழித்தவன், காற்றில் ஈரம் எவ்வளவு என்று மூக்காலேயே சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. நீ நம் பெரகலச் சந்திக்குக் கீழே இருக்கும் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு, "அப்பா, கீழ இருந்து மேகம் ஏறுற மாதிரி இருக்கே" என்றாய். நான் மூக்கை உயர்த்தி ஒரு இழுப்பு இழுத்து, "மத்தியானம் வரைக்கும் வராது, நீ அடி" என்றேன். நீ அப்பா சொல்லிவிட்டாரே என்று அடித்தாய். கதவு இரண்டும் முடிவதற்குள் மேகம் ஏறி, பொலித்தீன் இடுக்கு வழியாக உள்ளே வந்து நின்றது. ஈரம் பட்ட பச்சை, பால் ஊற்றின மாதிரி வெளுத்துப்போனது. பக்கத்தில் நின்ற உன் அம்மா, "கொழுந்து வாட்டுன மூக்கு" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

நான் மேகத்தைத் திட்டினேன், பொலித்தீன் விற்றவனைத் திட்டினேன், ஹல்துமுல்லைப் பக்கம் இருந்து வருகிற காற்று முழுவதையும் திட்டினேன். நீ கன்னைக் கழற்றித் தின்னரில் கழுவிக்கொண்டிருந்தாய். "திட்டி முடிச்சீங்கன்னா வாளியில தண்ணி கொண்டாங்கப்பா, மறுபடி தேய்க்கணும்" என்றாய். மறுநாளிலிருந்து காலைப் பனி காய்ந்ததற்கும் மேகம் ஏறுவதற்கும் நடுவில் உள்ள நேரம்தான் நம் நேரம் என்று வைத்துக்கொண்டாய். மெதுவாகக் காயும் தின்னரை நிஜாம் நானாவிடம் கேட்டு வாங்கிக் கலந்தாய். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குவது என் வேலை, பக்கத்து வீட்டுக் கோழிகளைத் துரத்துவதும் என் வேலை. மூக்குக்கு மட்டும் வேலை இல்லை.

கொட்டகை ஓரத்தில் நின்று நீ அடிப்பதைப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பழைய தகரத்தில் முதலில் அடித்துப் பார்ப்பாய். தூரத்தில் இருந்து அடித்தால் பெயிண்ட் வழியிலேயே காய்ந்து தோடம்பழத் தோல் மாதிரிப் புள்ளி புள்ளியாக விழும், கிட்டே வைத்து அடித்தால் கண்ணீர் மாதிரி வழியும் என்று எனக்குக் காட்டினாய். ஒரு சாண் தூரத்தில் கையை நிறுத்தி, மணிக்கட்டை மடக்காமல், உடம்போடு சேர்த்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடப்பாய். முன்னால் அடித்ததில் பாதியை அடுத்த இழுப்பு மூடும். ஒரு இடத்தில் கொஞ்சம் வழிந்தபோது நான் பதறி விரலை நீட்டினேன். "தொடாதீங்க, தொட்டா பெருசாகும். காயட்டும், அப்புறம் தேச்சிக்கலாம்" என்றாய். மகளே, கோபியோடு உனக்கு ஒரு நாள் வாய்ச்சண்டை வரும். வராமல் இருக்காது, எனக்கும் உன் அம்மாவுக்கும் நேற்றுக்கூட வந்தது. ஈரமாக இருக்கும்போது விரலை வைக்காதே. காயட்டும்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது முன்னால் எஞ்சினை மூடுகிற பொனட் மட்டும் மிச்சம் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை. பொனட்டை நீ தின்னர்த் துணியால் துடைத்து வைத்துவிட்டு வெளியே பெயிண்ட் கலக்கப் போயிருந்தாய். உன் அம்மா குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, தட்டில் சூடமும் தீப்பெட்டியுமாக வந்துவிட்டாள். நீ ஓடிவந்து கையைப் பிடித்தாய். "அம்மா, இங்க சூடம் கொளுத்தாதீங்க, தின்னர் நிக்கிது, காரும் போயிரும் நம்மளும் போயிருவோம்." அவள் முகம் விழுந்துபோனது. "நல்ல காரியத்துக்கு ஒரு சூடங்கூடக் காட்டாம என்ன வேல இது" என்று முனகிக்கொண்டு தட்டோடு திரும்பினாள். நீ மறுபடி பெயிண்டைக் கலக்கப் போனாய். நானும் கோழி துரத்தப் போனேன்.

பிறகு நீ பொனட்டுக்கு அடித்தாய். பச்சை அப்படியே குளத்துத் தண்ணீர் போல விரிந்து நின்றது. அடுத்த நிமிடம் நடுவில் சின்னச் சின்னக் குழிகள் திறந்தன. பெயிண்ட் அந்த இடத்தில் மட்டும் ஒட்டமாட்டேன் என்று விலகி விலகிப் போனது. அம்மைத் தழும்பு மாதிரி ஒவ்வொன்றாக வந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு உள்ளங்கையும் ஐந்து விரலும் பொனட்டின் நடுவில் தெரிந்தன. உன் மாமியார் வேறு யாரும் தொடக்கூடாது என்று சொன்ன கார். "இது யாரு கை?" என்று கத்தினேன்.

உன் அம்மா வாசலில் வந்து நின்றாள். "என் கைதான். சூடந்தான் காட்ட விடல. வெறுமனே எப்பிடி விடுறது? கைய வச்சு, நல்லா வரணும் தாயேன்னு கும்புட்டேன். அது குத்தமா?" என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்தது. நான் என்னென்னவோ சொல்ல வாயெடுத்தேன். நீ முகமூடியைக் கழற்றிவிட்டு, "தலைக்கு எண்ணெ வச்ச கையாம்மா?" என்று கேட்டாய். "வெள்ளிக்கெழம எண்ணெ வைக்காம?" என்றாள் அவள். நீ சிரிக்க ஆரம்பித்தாய். சிரித்துச் சிரித்து ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாய். "எண்ணெ பட்ட எடத்துல பெயிண்ட் நிக்காதும்மா. எவ்வளவு பலமாக் கும்புட்டிருக்கீங்க பாருங்க, ஒரு விரலுகூட வுட்டுப்போகல" என்றாய். அழ ஆரம்பித்தவள் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எனக்கும் கோபம் போன இடம் தெரியவில்லை. ஒரு வாரத்தில் கல்யாணம், பொனட் பாழ், மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

பொனட் காய்ந்ததும் திரும்பத் தேய்த்தாய். அடுத்த தடவை அடிக்கப் போகும் காலையில் நீ செய்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். வேறு யாராக இருந்தாலும் உன் அம்மாவைக் கொட்டகைப் பக்கமே வரவிட்டிருக்க மாட்டார்கள். நான் விட்டிருக்க மாட்டேன். நீ அடுப்படிக்கே போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து பொனட் முன்னால் நிறுத்தினாய். "இப்ப கைய வச்சு எவ்வளவு நேரம் வேணுமோ கும்புடுங்கம்மா. நீங்க முடிச்ச பெறகுதான் நான் தொடைப்பேன்." அவள் இரண்டு கையையும் வைத்துக் கண்ணை மூடிக் கும்பிட்டாள். கூடவே உதடு அசைந்தது. அவள் ஒதுங்கியதும் நீ சுத்தமான துணியால் துடைத்தாய், இன்னொரு துணியால் துடைத்தாய், கன்னை எடுத்தாய். அன்றைக்கு ஒரு குழி இல்லை, ஒரு தூசி இல்லை. மேகம் கீழேயே நின்றது. உன் புது வீட்டிலும் உன் அத்தை எண்ணெய்க் கையோடு வந்து நிற்பார். வேண்டாம் என்று சொல்லாதே. எது முன்னால், எது பின்னால் என்று மட்டும் பார்த்துக்கொள்.

இனி உன் மாமியார் வந்த கதை. அதை நீ உன் கண்ணால் பார்த்தாய், ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து பார்க்கவில்லை. கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு, வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல், கடை வேனில் வந்து இறங்கினார். நீ பொலிஷ் போட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாய். வாங்க என்றதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். குனிந்து கதவுக்கு அடியில் பார்த்தார். ஓரத்தில் நின்று வெளிச்சத்துக்கு நேராகத் தலையைச் சாய்த்துப் பார்த்தார், விவரம் தெரிந்தவர்தான். உன் அம்மா என் சட்டையை முதுகுப்பக்கம் பிடித்துக்கொண்டு நின்றாள். தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடக் காத்திருக்கிற மாதிரி நாங்கள் இரண்டு பேரும் நின்றோம்.

அந்த அம்மா கட்டியிருந்தது பட்டு. முந்தானையை எடுத்து, விரித்து, பொனட்டின் மேலே போட்டார். கடைக்குச் சரக்கு வாங்கும்போது அதை விரிக்கிற மேசை சொரசொரப்பாக இருந்தால் பட்டின் இழை மாட்டிக்கொள்ளும் என்று அப்படிப் போட்டுப் பார்ப்பாராம், கோபி பிறகு சொன்னான். முந்தானை ஒரு நொடி அங்கே கிடந்தது. பிறகு யாரும் தொடாமலே வழுக்கிக்கொண்டு கீழே இறங்கி விழுந்தது. அவர் அதைக் குனிந்து எடுக்கவில்லை. விழுந்தபடியே விட்டுவிட்டு, "அவரு மொதல் மொதலா ஓட்டிக்கிட்டு வந்தன்னிக்கு இப்பிடித்தான் இருந்துச்சு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு உன் பக்கம் திரும்பி, கடைக்காரக் குரலிலேயே கேட்டார்: "ஊட்டுக்குப் பின்னால கொட்டக போடச் சொல்லணும். எவ்வளவு அகலம் வேணும்?"

ஒரு கார் நிற்கிற அளவு போதும் அத்தை என்று நீ சொல்லப்போகிறாய் என்றுதான் நான் நினைத்தேன். நானாக இருந்தால் அதைக்கூடச் சொல்லியிருக்க மாட்டேன், உங்க இஷ்டம் என்று கைகட்டி நின்றிருப்பேன். நீ கொஞ்சமும் யோசிக்கவில்லை. "லொறி நுழையிற அளவுக்குப் போடச் சொல்லுங்க அத்த" என்றாய். அந்த அம்மா உன்னைப் பார்த்தார். முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். நான் கைகழுவப் போவது மாதிரித் தண்ணீர்ப் பீலிப்பக்கம் போய் வெகு நேரம் நின்றேன், உனக்கு ஞாபகம் இருக்கும். ஏன் போனேன் என்று நீ கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அன்று என்னால் சொல்லியிருக்க முடியாது. உன் தாத்தா நாங்கள் குடியிருந்த லயத்துக் கூரைக்குத் தகரம் கேட்டுத் தோட்டத்துத் துரையிடம் போனபோது, ஒழுகுகிற இடத்துக்கு மட்டும்தான் கேட்டார். நானும் ஆயுசு முழுக்க அப்படித்தான் கேட்டேன், கேட்டதில் பாதி கிடைத்தாலே கும்பிட்டுவிட்டு வந்தேன். நம் குடும்பத்தில் தனக்கு வேண்டிய அகலத்தை முழுசாக வாய்திறந்து கேட்ட முதல் ஆள் நீதான். இனிமேலும் அப்படியே கேள், மகளே.

உன் அப்பா